என் மெஷின்ல ஓடுதே!

நம்மைப் போல வெளியூரில் வந்து தங்கிவிட்ட குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது பொட்டி தட்டுகிறார்கள். மகனோ, மருமகளோ, எதிர் பிளாட்டில் அறை எடுத்திருக்கும் மதுரைக்காரப் பெண்ணோ. ராத்திரி பத்தரை மணிக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு "பில்டு உடைஞ்சிருச்சு" என்பார்கள். அந்தப் பக்கம் யாரோ "என் மெஷின்ல ஓடுதே" என்பார். இந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் எங்கேயோ கட்டிடம் இடிந்துவிட்டது என்று பதறுவார்கள் :-)

இந்தப் பதிவு அந்தப் பெரியவர்களுக்காக. நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். புரோகிராம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் சரித்திரம் என்றால் சோறு வேண்டாம். "என் மெஷின்ல ஓடுதே" என்கிற அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஏறக்குறைய ஐம்பது வருஷ சரித்திரம் இருக்கிறது. தோண்டிப் பார்த்தால் பாதிக்குப் பாதி நம்ம பேங்க் சமாச்சாரம் மாதிரியே இருக்கிறது. அதுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பில்டு என்றால் என்ன? புரோகிராமர் எழுதுவது மனுஷன் படிக்கிற மாதிரி இருக்கும். கணினிக்கு அது புரியாது. ஒவ்வொரு கோப்பையும் கம்பைலர் என்கிற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, வந்த துண்டுகளையெல்லாம் கோர்த்து, ஓடக்கூடிய ஒரே பண்டமாக்க வேண்டும். நம் கிளையில் சாயங்காலம் ஒவ்வொரு கவுண்டரின் வவுச்சரும் சேர்ந்து, டே புக் ஆகி, கடைசியில் டேலி ஆகிறதே, அந்த வேலை. டேலி ஆகவில்லை என்றால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அவர்களுக்கும் அதே கதிதான்.

சரி, கூட்டல் தப்பாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். வவுச்சரும் சரி, கூட்டலும் சரி, ஆனால் மேஜையில் விரித்து வைத்திருக்கும் லெட்ஜரே பழசு என்றால்? அந்த ரகத் தப்புகள்தான் நம் கதை. புரோகிராமில் ஒரு எழுத்துகூடப் பிழை இருக்காது. அது எந்த இடத்தில், எந்த ஏற்பாட்டில் பில்டு ஆகிறதோ அந்தச் சூழலில் கோளாறு இருக்கும்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்து முர்ரே ஹில்லில் பெல் ஆய்வகம். டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம். யூனிக்ஸ் பிறந்த இடம். 1976-ல் ஒரு நாள் ஸ்டீவ் ஜான்சன் என்கிறவர், சாதாரண ஆள் இல்லை, யாக் என்ற பிரபலமான கருவியை எழுதியவர், சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனின் அறைக்குள் கோபமாக நுழைந்தார். ஒரு காலைப்பொழுது முழுக்கத் தப்பே இல்லாத புரோகிராமில் தப்பு தேடியிருக்கிறார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யவில்லை. பழைய துண்டையே கோர்த்து ஓட்டினால் பழைய பிழைதானே வரும்! ஃபெல்ட்மேனுக்கும் முந்தின நாள் சாயங்காலம் இதே தலைவலி. அந்த வாரக் கடைசியிலேயே உட்கார்ந்து அவர் எழுதியதுதான் 'மேக்' என்ற கருவி.

அதன் யோசனை ரொம்ப எளிமை. எது எதிலிருந்து பிறக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவிடு. மூலக்கோப்பின் தேதி அதிலிருந்து பிறந்த துண்டின் தேதியைவிடப் புதிதாக இருந்தால் மறுபடி கம்பைல் செய். இல்லையென்றால் தொடாதே. ஒருத்தர் தலைக்குள் ஞாபகமாக இருந்த வேலை காகிதத்துக்கு வந்துவிட்டது. 2003-ல் இதற்காக ஃபெல்ட்மேனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கொடுத்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தத் தாளில் கட்டளை வரிகள் டேப் என்கிற பெரிய இடைவெளியில்தான் தொடங்க வேண்டும். எட்டு தடவை ஸ்பேஸ் தட்டினால் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பில்டு உடையும். அந்த அமைப்பு நன்றாக இல்லை என்று சில வாரத்திலேயே ஃபெல்ட்மேனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் பன்னிரண்டு பேர் அளவுக்கு மேக்கைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் இன்றுவரை கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைத் தேடி அலைகிறார்கள். சர்க்குலர் எழுதுகிற தலைமை அலுவலகத்துப் புண்ணியவான்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேக் நம்புவது கடிகாரத்தை. ஒரே கணினியில் எல்லாம் இருந்தவரை பிரச்சினை இல்லை. 80களில் கோப்புகள் ஒரு கணினியிலும் கம்பைலர் இன்னொன்றிலும் என்று நெட்வொர்க் வந்ததும், இரண்டு கடிகாரத்துக்கும் இரண்டு நிமிஷம் வித்தியாசம் இருந்தால் போதும், மேக் எது புதிது எது பழசு என்று குழம்பிவிடும். 'கடிகாரம் தள்ளி நிற்கிறது, உங்கள் பில்டு முழுமையாக இல்லாமல் இருக்கலாம்' என்ற பொருளில் அதன் குனு பதிப்பு இன்றும் எச்சரிக்கும். முன்தேதி போட்ட செக்கைப் பார்த்த கிளார்க் முகம் ஞாபகம் வருகிறதா?

அடுத்த கட்டம் 1979. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் என்கிற கட்டளை வாங்கியுடன் 'என்விரான்மென்ட் வேரியபிள்' வந்தது. தமிழில் சூழல் மாறி என்கிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். 'இன்னது = இன்னது' என்று எழுதிய சில சீட்டுகள், அவ்வளவுதான். வீட்டு முகவரி இது, மொழி இது, நேர மண்டலம் இது, கட்டளைகளைத் தேட வேண்டிய அலமாரிகள் இவை என்று. கடைசியாகச் சொன்னதன் பெயர் 'பாத்'. ஒரு கட்டளையின் பெயரைத் தட்டினால் கணினி அந்தப் பட்டியலில் இருக்கும் அலமாரிகளை வரிசையாகத் திறக்கும். முதலில் எங்கே கிடைக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது அலமாரியில் அதே பெயரில் நல்லது ஒன்று இருந்தாலும் அது கண்ணில் படாது. ஒரே ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால் முதல் தெரு முருகேசனுக்கே எல்லாக் கடிதமும் போகிற கதை.

இந்தச் சீட்டுகளுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு புரோகிராம் இன்னொன்றைத் தொடங்கும்போது தன் சீட்டுகளின் நகலைக் கொடுத்து அனுப்பும். நகல்தான், மூலம் இல்லை. பிள்ளை தன் நகலில் என்ன திருத்தினாலும் அப்பாவுக்குத் தெரியாது. அதேபோல் பிள்ளை வீட்டைவிட்டுப் போனபிறகு அப்பா செய்த திருத்தம் பிள்ளைக்குப் போய்ச் சேராது. 'எக்ஸ்போர்ட்' என்று சொல்லி ஏற்றுமதி செய்த சீட்டுகள்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும் என்பது போர்ன் ஷெல்லின் விதி. நம்மைப் பற்றி எழுதி வைத்த மாதிரியே இல்லை?

பாதித் தலைவலி இந்தக் குணத்தில் இருந்துதான். விண்டோஸில் ஒருவர் செட்டிங்ஸுக்குள் போய்ப் பாத்தைத் திருத்துவார். ஏற்கெனவே திறந்து கிடக்கும் கறுப்பு ஜன்னலுக்கு அந்தச் சேதி போகாது. மூடித் திறந்தால்தான் உண்டு. அரைமணி நேரம் திட்டிவிட்டு, மூடித் திறந்ததும் ஓடியதைப் பார்த்து, "என்னமோ தானா சரியாயிருச்சு" என்பார்கள். தானாக ஒன்றும் ஆகவில்லை. யூனிக்ஸில் 'கிரான்' என்று ஒருவர் உண்டு, குறித்த நேரத்தில் வேலையை எழுப்பிவிடுகிற ராத்திரி வாட்ச்மேன். அவர் கையில் இருப்பது ரொம்பக் குறைந்த சீட்டுகள். அதனால் பகலில் கையால் ஓட்டினால் ஓடுகிற வேலை, ராத்திரி அவர் ஓட்டினால் 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்று விழும்.

டாஸுக்கு வருவோம். 1983-ல் வந்த டாஸ் 2.0-ல் இந்தச் சீட்டு முறை யூனிக்ஸைப் பார்த்து வந்தது. 'செட்' என்ற கட்டளை, கணினி எழும்போதே ஓடுகிற ஆட்டோஎக்ஸெக் கோப்பு. சீட்டுகளை வைக்க டாஸ் ஒதுக்கிய டப்பா ரொம்பச் சின்னது. நிரம்பிவிட்டால் 'சூழலில் இடம் இல்லை' என்று ஒரு வரி வரும். அடுத்து போட்ட சீட்டு பாதியில் நிற்கும், அல்லது போகவே போகாது. அந்த வரி திரையில் ஓடி மறைந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து வேறெங்கோ வேறெதையோ காரணம் காட்டி பில்டு விழும்.

1984-ன் ரங்கராஜன் கமிட்டி அறிக்கைக்குப் பிறகு நம் வங்கிக் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. பிறகு பி.சி.க்கள். அந்தக் காலத்து இந்திய ஆபீஸ்களில் கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ ராஜ்ஜியம். கிளிப்பரில் எழுதிய புரோகிராம் ஒரே நேரத்தில் எத்தனை கோப்பு திறக்கலாம் என்பதை இரண்டு இடத்தில் சொல்லி வைக்க வேண்டும். ஒன்று கான்ஃபிக் கோப்பில், இன்னொன்று 'செட் கிளிப்பர்' என்ற சூழல் சீட்டில். ஒன்றை மறந்தால் 'டாஸ் எரர் 4' வரும், அதாவது திறந்த கோப்புகள் அதிகம் என்று. புரோகிராமை எழுதியவர் தன் ஆபீஸில் இரண்டையும் போட்டிருப்பார், அவருக்கு ஓடும். நம் கிளைக்கு ஃபிளாப்பியில் வந்தால் விழும். நான் வேலையில் சேர்ந்தபோது சீனியர்கள் இந்தக் கதைகளைப் போர்க்களக் கதை மாதிரி சொல்வார்கள். எந்தச் சீட்டு போட வேண்டும் என்று தெரிந்த ஒரே கிளார்க் டிரான்ஸ்ஃபரில் போனால் கிளையே தவிக்குமாம்.

அடுத்து ஜாவா. 90களின் கடைசியிலிருந்து இஞ்சினியரிங் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், வாழ்க்கையில் பார்த்த முதல் எரர் எது என்று. ஜாவா கம்பைலரின் பெயரைத் தட்டினால் 'இது உள் கட்டளையும் இல்லை, வெளிக் கட்டளையும் இல்லை' என்று விண்டோஸ் கைவிரிக்கும். கம்பைலர் சி டிரைவில் குத்துக்கல்லாட்டம் இருக்கும். பாத்தில் அந்த அலமாரியின் பெயர் இருக்காது. போதாக்குறைக்கு விண்டோஸ் 95 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்று நடுவில் இடைவெளி விட்ட பெயரை அலமாரிக்கு வைத்துவிட்டது. இடைவெளி வந்தால் வார்த்தை முடிந்தது என்று நினைக்கும் பழைய பில்டு கருவிகள் எல்லாம் 'புரோகிராம்' என்ற அலமாரியைத் தேடிவிட்டு, இல்லை என்று திரும்பி வந்தன.

யூனிக்ஸ் பக்கம் வேறு கஷ்டம். 80களில் ஆளுக்கொரு கம்பெனி ஆளுக்கொரு யூனிக்ஸ் விற்றது. ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது. 1991-ல் டேவிட் மெக்கன்சி என்பவர் ஆட்டோகான்ஃப் என்ற கருவியைத் தொடங்கினார். அவர் வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. 'நீ எந்த யூனிக்ஸ்?' என்று பெயரைக் கேட்டு நம்பாதே. ஒவ்வொரு வசதிக்கும் குட்டியாக ஒரு சோதனைப் புரோகிராம் எழுதி, கம்பைல் செய்து பார். ஆனால் இருக்கிறது, ஆகாவிட்டால் இல்லை. ஐயா சொல்வதைக் கேட்காமல் ஆவணத்தைக் கேட்கும் நம்ம கேஒய்சி! திரையில் 'இது இருக்கிறதா... ஆம், அது இருக்கிறதா... இல்லை' என்று நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். இதன் கூடப்பிறந்த ஆட்டோமேக் போடுகிற கேள்விகளில் ஒன்று, 'பில்டு சூழல் புத்தி தெளிவாக இருக்கிறதா?' என்பது. நிஜமாகவே அப்படித்தான் கேட்கும். புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, அதன் தேதி பழைய கோப்பைவிடப் புதிதாக இருக்கிறதா என்று பார்க்கிறது. 1976-ன் அதே கடிகாரக் கவலை.

அந்த நூற்றுக்கணக்கான வரிகளை யாரும் படிப்பதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போட்டு விழுகிற ரகம். இனி மொழி, தேதி, எண் என்று வரும்போது கதை வேறு பக்கம் திரும்புகிறது.

துருக்கி மொழியில் ஆங்கிலத்து 'ஐ' எழுத்து இரண்டு வகை. புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. சின்ன எழுத்தில் புள்ளி இருந்தால் பெரிய எழுத்திலும் புள்ளி இருக்கும், புள்ளி இல்லாததற்குப் புள்ளி இல்லை. அவர்கள் மொழிக்கு அது முறைதான். ஆனால் கணினியின் மொழிச் சீட்டில் துருக்கி என்று இருந்தால், பெரிய எழுத்து ஐ-யைச் சின்னதாக்கும்போது புள்ளி இல்லாத ஐ வந்துவிடும். புரோகிராம் தேடும் பெயரோடு பொருந்தாது. பிஎச்பி மொழியில் இந்தக் கோளாறை 2002-லேயே புகாராகப் பதிந்தார்கள். 2013-ல் வந்த 5.5 பதிப்பில்தான் தீர்ந்தது. அதுவரை துருக்கிக்காரப் புரோகிராமர்கள் "எங்க மெஷின்ல ஓடலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உலகம் "எங்க மெஷின்ல ஓடுதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

துருக்கி எதற்கு, நான் இருக்கும் புனேவுக்கே வாருங்கள். மராத்திக்கான மொழி அமைப்பில் எண்கள் தேவநாகரியில் வருவதுதான் யூனிகோடு கூட்டமைப்பின் பொதுத் தரவில் உள்ள வழக்கம். தமிழுக்கு அப்படி இல்லை, 1, 2, 3 என்றே வரும். மராத்தி அமைப்பு வைத்த கணினியில், மொழியைக் குறிப்பிடாமல் எண்ணை எழுத்தாக்கும் ஜாவா புரோகிராம் பதிப்பு எண்ணைத் தேவநாகரியில் எழுதிவிடக்கூடும். அடுத்த கருவி அதை எண் என்றே ஒத்துக்கொள்ளாது. அதேபோல் விண்டோஸ் பில்டு ஸ்கிரிப்டுகளில் தேதியை எழுத்து எண்ணி வெட்டுகிற பழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க அமைப்பில் தேதி கேட்டால் கிழமையோடு சேர்த்து வரும், பதினோராவது எழுத்திலிருந்து நான்கு எழுத்து வெட்டினால் வருஷம். இந்திய அமைப்பில் கிழமை வராது. மொத்தமே பத்து எழுத்து. பதினோராவது எழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை, வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடம்.

ஒரு கிளையில் நானே பார்த்த கூத்து. ராத்திரி தானாக ஓடும் ஓர் அறிக்கை. மாதத்தின் பிற்பாதியில் காலியாக வரும், முற்பாதியில் நன்றாக வரும். பகலில் கையால் ஓட்டினால் எப்போதும் சரி. மூன்று நாள் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மென்பொருள் கொடுத்தவர்கள் அனுப்பிய பையன் வந்து உட்கார்ந்து, இரண்டு பேருடைய சூழல் சீட்டுகளையும் அச்சடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். கையால் ஓட்டுகிற லாகினில் நாள்-மாதம்-வருஷம். ராத்திரி ஓடுகிற லாகினில் மாதம்-நாள்-வருஷம். 13-ஆம் தேதியிலிருந்து 'பதிமூன்றாவது மாதம்' என்று ஒன்று இல்லாததால் காலி. அப்போ முதல் பன்னிரண்டு நாள்? அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏப்ரல் 5-ஐ மே 4 என்று எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், பார்க்க லட்சணமாக ஓர் அறிக்கையைத் தந்துகொண்டிருந்திருக்கிறது. காலியாக வந்த அறிக்கை நல்லது, அதை யாரும் நம்ப மாட்டார்கள். நன்றாக வந்தது என்று கோப்பில் வைத்த அறிக்கைகள்தான் தப்பு.

அந்தப் பையன் செய்ததுதான் சூழல் கோளாறுக்கு இன்றுவரை முதல் வைத்தியம். இரண்டு மெஷினின் சீட்டுகளையும் அச்சடி, ஒப்பிடு. இரண்டாவது வைத்தியம், எல்லாச் சீட்டையும் எறிந்துவிட்டு வெறுங்கையோடு தொடங்கிப் பார். யூனிக்ஸில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் எதில் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. கவுண்டர் வாரியாகப் பிரித்து டேலி பார்ப்பது போலத்தான்.

சீட்டில் எழுதியிருப்பது மட்டும் இல்லை, சீட்டின் நீளமே விளையாடும் என்று 2009-ல் டாட் மிட்கோவிச் என்பவரும் கூட்டாளிகளும் ஓர் ஆய்வில் காட்டினார்கள். சூழல் சீட்டுகள் நினைவகத்தில் ஒரு மூலையில் உட்காரும். அவை நீண்டால் புரோகிராமின் மற்ற சாமான்கள் தள்ளி உட்காரும். அந்தத் தள்ளலில் புரோகிராமின் வேகமே மாறும். பயனர் பெயர் நீளமாக இருப்பதும் ஒரு சூழல்தான்! 2014 செப்டம்பரில் வந்த ஷெல்ஷாக் இன்னும் மோசம். பாஷ் என்ற ஷெல், சீட்டில் எழுதி வந்ததைப் படிப்பதோடு நிற்காமல், அதில் ஒளித்து வைத்த கட்டளையை நிறைவேற்றியும் விட்டது. 1989-லிருந்து கால் நூற்றாண்டு இந்த ஓட்டை உள்ளேயே இருந்திருக்கிறது.

இதற்குள் பொட்டி தட்டுகிறவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உன் மெஷினில் ஓடுகிறதா? சரி, உன் மெஷினையே மூட்டை கட்டி அனுப்பு! 2013-ல் சாலமன் ஹைக்ஸ் அறிமுகம் செய்த டோக்கர் கிட்டத்தட்ட இதுதான். புரோகிராமோடு அதன் அலமாரி, சீட்டு, சாமான் எல்லாம் ஒரே கண்டெய்னரில். வீடு மாற்றும்போது வேப்பிலைக்கட்டியையும் அம்மிக்கல்லையும் சேர்த்து லாரியில் ஏற்றிய எங்கள் அம்மா வழி. நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கிய நிக்ஸ் இன்னும் கறார். எதெது வேண்டும் என்று எழுதித் தராத எதையும் பில்டுக்குள் அனுமதிக்காது.

ஆனால் கேள்வி இப்போது வேறு. பில்டு உடைகிறதா என்பதல்ல. உடையாமல் வந்த பண்டம், நாம் படித்துப் பார்த்த மூலத்திலிருந்துதான் வந்ததா? யூனிக்ஸ் தந்தைகளில் ஒருவரான கென் தாம்ப்சன் 1984-லேயே டூரிங் விருது உரையில் இதைக் கிளப்பினார். கம்பைலரே களவாணியாக இருந்தால், மூலத்தில் ஒரு வரிகூடத் தெரியாமல், அதிலிருந்து வரும் பண்டத்தில் கள்ளக் கதவு வைக்க முடியும் என்று செய்தே காட்டினார். ரசித்துவிட்டு எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் வெடித்தது. பெரிய கம்பெனிகளும் அமெரிக்க அரசுத் துறைகளும் நெட்வொர்க்கைக் கண்காணிக்கப் பயன்படுத்திய ஒரு மென்பொருள். ஆயிரக்கணக்கான இடங்களுக்கு, கம்பெனியின் கையெழுத்தோடு, கள்ளக் கதவு வைத்த பதிப்பு போயிருந்தது. எப்படி? பில்டு நடக்கும் கணினியில் ஒரு களவு நிரல் காத்திருந்தது. பில்டு கருவி எழும் நேரம் பார்த்து ஒரே ஒரு மூலக்கோப்பை மாற்றி வைத்தது. பில்டு முடிந்ததும் பழைய கோப்பைத் திருப்பி வைத்தது. அதோடு, எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராதபடி அடக்கியது. தான் எதிர்பார்த்த கோப்புதானா என்று சரிபார்த்த பிறகே கை வைத்தது, இல்லையென்றால் பில்டு உடைந்து யாராவது எட்டிப் பார்ப்பார்களே! பில்டு உடையக்கூடாது என்று கம்பெனி ஆட்களைவிடத் திருடன் அதிகக் கவலைப்பட்டிருக்கிறான்.

இதற்கு மாற்று என்ன? டெபியன் லினக்ஸ் ஆர்வலர்கள் 2013-லிருந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறார்கள். ஒரே மூலத்தை இரண்டு தடவை பில்டு செய்வது, ஆனால் வேண்டுமென்றே வேறு வேறு சூழலில். மெஷின் பெயர் வேறு, பயனர் பெயர் வேறு, மொழி வேறு. நேர மண்டலம் ஒன்று உலகின் இந்தக் கோடி, மற்றது அந்தக் கோடி. கடிகாரத்தை ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிக்கூட வைப்பார்கள். இரண்டு பண்டமும் ஒரு பிட் மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், எழுதாத ஏதோ ஒன்று உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள். தொடக்கத்தில் பெரும்பாலும் மாட்டியது தேதிதான். பல கருவிகள் 'இன்ன நாளில் பில்டு செய்யப்பட்டது' என்று பண்டத்துக்குள் முத்திரை குத்திக்கொண்டிருந்தன. அதைத் தீர்க்க 2015-ல் அவர்கள் கொண்டுவந்தது என்ன தெரியுமா? இன்னொரு சூழல் சீட்டு! இந்தத் தேதியைத்தான் போட வேண்டும் என்று சொல்கிற சீட்டு. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒரே தொகை வந்தால்தான் இரும்புப் பெட்டியை மூடலாம் என்கிற நம்ம கூட்டுப் பொறுப்பு முறைதான் இது.

கடைசியாக 2024 மார்ச். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் சில வருஷம் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பொறுப்பாளரில் ஒருவராகவே ஆகிவிட்டார். பொதுவில் எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் கள்ளத்தை எழுப்பிவிடும் வரி இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையில் மட்டும், மேலே சொன்னேனே, யாரும் படிக்காத அந்த ஆட்டோகான்ஃப் சோதனை வரிகளுக்கு நடுவில், ஒரு திருத்தம். அது முதலில் சூழலைப் பார்க்கும். 64 பிட் இன்டெல் வகை லினக்ஸா? டெபியன் அல்லது ரெட்ஹேட் முறைப் பொட்டலம் கட்டுகிறார்களா? ஆமென்றால் மட்டும், சோதனைக்கென்று வைத்திருந்த 'பழுதான' கோப்புகளுக்குள் ஒளித்திருந்ததை எடுத்துக் கோர்த்துவிடும். புரோகிராமர் யாராவது தன் மெஷினில் சும்மா பில்டு செய்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. "என் மெஷின்ல நல்லாத்தானே இருக்கு!"

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், டேட்டாபேஸ் ஆள். அவர் திருடனைத் தேடவில்லை. வேகம் அளப்பதற்காகத் தன் கணினியின் இரைச்சலையெல்லாம் அடக்கிக்கொண்டிருந்தார், சூழல் அமைதியாக இருந்தால்தான் அளவு சரியாக வரும் என்று. அப்போது தொலைவிலிருந்து லாகின் செய்யும் வேலை அரை விநாடி அதிகம் எடுப்பது கண்ணில் பட்டது. அரை விநாடி! அதை விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகத்துக்குச் சொன்னார். சர்வர்களுக்கான நிலையான பதிப்புகளுக்குள் அது பரவ ஆரம்பிக்கும் முன்பே பிடிபட்டது.

உபுண்டு அப்போது ஏப்ரல் வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கள்ள நிரல் எக்ஸ்இசட்டுக்குள் சேர்ந்த நாளைக் கணக்கெடுத்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு பில்டு ஆன பொட்டலங்கள் அத்தனையையும், கெட்டது நல்லது பார்க்காமல், தூக்கிப் போட்டார்கள். புதிதாக அமைத்த பில்டு சூழலில் எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினார்கள். பீட்டா பதிப்பு ஏப்ரல் 4-க்குப் பதில் ஏப்ரல் 11-ல் வந்தது.